மழையில்லாத மாதத்தில் நனைந்த சுவர்: தண்டையார்பேட்டை அடுக்ககம் ஒன்றில் தெர்மல் கேமரா ஆய்வு

பின்னணி

கட்டடம் தண்டையார்பேட்டையில், கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 1990களின் இறுதியில் கட்டப்பட்டது. தரைத்தளத்தில் வண்டி நிறுத்தம், மேலே மூன்று மாடிகள், மாடிக்கு நான்காகப் பன்னிரண்டு வீடுகள். மொட்டை மாடி சென்னை வழக்கப்படி அமைந்தது: கான்கிரீட் தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, அதற்கும் மேல் தட்டோடு.

மூன்றாம் மாடியின் வடமேற்கு மூலை வீட்டில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவியுடனும் மகன் குடும்பத்துடனும் வசிக்கிறார். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த பிறகு, படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் பழுப்பு விளிம்போடு கறை படிந்தது. ஜனவரியில் குடியிருப்போர் சங்கம் மொட்டை மாடியின் அந்தப் பகுதியில் மட்டும் நீர்த்தடுப்புக் கெமிக்கல் அடித்தது. விஷயம் அத்தோடு முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. மார்ச் மாதம் ஒரு துளி மழை இல்லாத நிலையில், கூரைக் கறைக்குக் கீழே உள்ள சுவரில் ஓதம் அடிக்கத் தொடங்கியது. ஏப்ரலில் பூச்சு பொருமி, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. துணி அலமாரியில் பூஞ்சை வாடை வீசியது. அதே சமயம், ஏசி எவ்வளவு ஓடினாலும் அறை குளிரவில்லை என்ற புகாரும், முந்தைய கோடையை விடக் கூடிப்போன மின்கட்டணமும் சேர்ந்துகொண்டன. ஒரு ஒப்பந்ததாரர் வந்து பார்த்து, தட்டோடு முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும், நாலரை லட்சம் ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்.

பணம் என்றதும் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. மொட்டை மாடி பொதுச் சொத்து, செலவும் பொதுச் செலவு என்பது மேல்மாடிக்காரரின் வாதம். முதல் மாடியில் குடியிருக்கும் ஒருவர் அதை ஏற்கவில்லை. “வெயில் காலத்தில் மொட்டை மாடி எப்படி ஐயா ஒழுகும்? உங்கள் வீட்டுக் குளியலறையைப் பாருங்கள்” என்றார். சங்கத்தின் செயலாளர் வங்கியில் பணிபுரியும் பெண்மணி. இரு தரப்பும் மறுக்க முடியாத ஏதாவது ஒரு சான்று வேண்டும் என்றுதான் அவர், கட்டடங்களை ஆய்வு செய்யும் எங்களை அழைத்தார். தெர்மல் கேமராவில் எடுத்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நேராகத் தெரிந்துவிடும் என யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

கருவி எதைப் பார்க்கிறது

அந்த நம்பிக்கையை முதலிலேயே திருத்த வேண்டியிருந்தது. தெர்மல் கேமரா சுவருக்குள் பார்ப்பதில்லை. தண்ணீரையும் பார்ப்பதில்லை. பொருள்களின் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்குள், வாங்கி வெப்பநிலையாக மாற்றிக் காட்டுகிறது; அவ்வளவுதான். அந்த வெப்பநிலை ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குளிர்நாடுகளில் இந்தக் கருவியைக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தும் முறை வேறு. அங்கே வீட்டுக்குள் சூடேற்றி வைத்து, வெளியே கடுங்குளிர் நிலவும் நேரத்தில் படம் எடுப்பார்கள். சூடு எந்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது என்பது தெரியும். நம் ஊரில் சூடு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வேறுபாட்டை உண்டாக்க நம்மிடம் இருப்பவை இரண்டே: வெயில், ஏசி. எதை எப்போது பயன்படுத்துகிறோம் என்பதில்தான் ஆய்வின் பாதி இருக்கிறது.

ஈரமும் இரண்டு விதமாக வெளிப்படும். ஈரமான பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். பகலில் அறைக்குள் பார்த்தால் சுற்றிலும் உள்ள சுவரை விடச் சற்றுக் குளிர்ந்து தெரியும். ஆனால் ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க, ஒரு கிலோ கான்கிரீட்டுக்குத் தேவைப்படுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வெப்பம் தேவை. அதனால் வெயிலில் காய்ந்த மொட்டை மாடியில் தட்டோட்டுக்கு அடியில் நீர் தேங்கியிருந்தால், சூரியன் மறைந்த பிறகும் அந்த இடம் மட்டும் சூட்டை விடாது. சுற்றுப்புறம் ஆறிய பின்னும் தீவு போலச் சூடாகத் தெரியும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே, ஈரம் இருந்தும் படத்தில் எதுவுமே தெரியாத ஒரு நேரம் உண்டு. நண்பகலில் வந்து நாலு படம் எடுத்துக்கொண்டு அறிக்கை கொடுப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டோம், ஒவ்வொரு ஐயத்தையும் வேறொரு சோதனையால் உறுதிசெய்வோம் என்ற நிபந்தனையோடு வேலையை ஏற்றோம்.

முதல் நாள் பகல்

2024 மே மாதம், அக்னி நட்சத்திரம். பிற்பகல் இரண்டு மணி. வீட்டார் எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அறையை ஒழுங்குபடுத்தி, ஏசியை நண்பகலிலேயே அணைத்து, ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். வழக்கமாக அறை எப்படி இருக்குமோ அதற்கு நேர்மாறான நிலை. இருந்தாலும் அந்த நிலையிலும் பயனுள்ள இரண்டு செய்திகள் கிடைத்தன.

முதலாவது, கூரைக் கறை. கண்ணுக்கு ஒன்றரை அடி அகலத்தில் பளிச்சென்று தெரிந்த அது, கேமராவில் இல்லவே இல்லை. சுற்றியுள்ள கூரையும் கறையும் ஒரே வெப்பநிலையில் இருந்தன. ஊசி ஈரமானி வைத்துப் பார்த்தபோதும், கறையிலும் நல்ல இடத்திலும் அளவு ஒன்றுதான். அதாவது கறை டிசம்பரில் வந்தது. அங்கே இப்போது ஈரம் இல்லை. அறைக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் முதலில் கைகாட்டியது இந்தக் காய்ந்த கறையைத்தான்.

இரண்டாவது, சுவர். கூரைக்கு ஓரடி கீழே தொடங்கி, இறங்க இறங்க அகன்று, விளிம்பு மங்கலாக ஒரு குளிர்ந்த பகுதி தெரிந்தது. சுற்றுச் சுவரை விட ஏறத்தாழ 2 டிகிரி குறைவு. அதன் கீழ் விளிம்பு சுவிட்ச் போர்டுக்கு நாலு விரற்கடை மேலே நின்றது. ஈரமானி முள் கடைசி வரை போனது. ஆனால் கடலோரக் கட்டடத்தில் ஊசி ஈரமானியை அப்படியே நம்பக் கூடாது. அது மின்கடத்தலைத்தான் அளக்கிறது. பூச்சில் உப்பு ஏறியிருந்தால், ஈரம் கொஞ்சமாக இருந்தாலும் அளவு உச்சத்தில் நிற்கும். எனவே சமையலறை அலுமினியத் தாள் ஒன்றை அந்த இடத்தில் வைத்து, நாலு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டினோம். மறுநாள் தாளின் வெளிப்புறத்தில் நீர் படிந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைத் தொட்டிருக்கும் உட்புறத்தில் படிந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

குளியலறையில் அதிக நேரம் செலவிடவில்லை. அது எதிர்ச்சுவரில் இருக்கிறது. வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்தியதில் மட்டம் இறங்கவும் இல்லை. அங்கே பளபளப்பான ஓடுகளில் கேமரா காட்டிய மனித உருவம் என்னுடையதேதான். மெருகேறிய பரப்புகள் அகச்சிவப்புக் கதிரையும் எதிரொளிக்கும்.

“தம்பி, மாடியைப் பார்க்காமல் சுவரையே சுற்றிச் சுற்றி வருகிறீர்களே” என்று வீட்டுக்கார அம்மா குறைபட்டுக்கொண்டார். மாடிக்கு இருட்ட வேண்டும் என்று சொன்னோம்.

அன்று மாலை மொட்டை மாடி

பகலில் 58 டிகிரி செல்சியஸ் வரை கொதித்த தட்டோடு, சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து 38க்கு இறங்கியிருந்தது. சங்க உறுப்பினர்கள் சிலரும் மேலே வந்துவிட்டார்கள். திரையில் முதலில் எல்லோர் கண்ணிலும் பட்டது, மேல்நிலைத் தொட்டிக்குக் கிழக்கே செவ்வகமாக ஒரு குளிர்ந்த பகுதி. “அதோ, அங்கேதான் ஊறியிருக்கிறது” என்றார் ஒருவர். அது பிற்பகல் முழுதும் தொட்டியின் நிழல் விழுந்த இடம். ஊறியிருந்தால் அந்த நேரத்தில் சூடாகத் தெரிந்திருக்க வேண்டும், இது குளிர்ந்திருந்தது. நேர்க்கோடான விளிம்பும் சந்தேகத்துக்குரியது. தண்ணீர் மூலைமட்டம் வைத்துப் பரவுவதில்லை.

ஏசியின் வெளிப்பெட்டி மொட்டை மாடியில், படுக்கையறைக்கு நேர் மேலே இருந்தது. அதிலிருந்து குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் மெக்கானிக் அலுமினிய டேப்பைச் சுற்றியிருந்தார். அந்த டேப்பைக் கேமரா 21 டிகிரி என்றது. சுற்றிலும் 38, காற்று 32. இதுவும் பொய்த் தோற்றமே. பளபளக்கும் உலோகத்தின் உமிழ்திறன், அதாவது தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன், மிகக் குறைவு. அது தன் வெப்பத்தைக் காட்டாமல், மேலே உள்ள குளிர்ந்த வானத்தையே திருப்பிக் காட்டுகிறது. டேப்பின் எண்ணைத் தள்ளிவிட்டோம். ஆனால் டேப்புக்கு அடியில் துளை சிமெண்டால் அடைக்கப்படாமல், விரல் நுழையும் இடைவெளியோடு இருந்ததைக் கைவிளக்கில் பார்த்துக் குறித்துக்கொண்டோம்.

மற்றபடி மொட்டை மாடி முழுவதும் ஒரே சீராக ஆறிக்கொண்டிருந்தது. சூடான தீவு ஒன்றுகூட இல்லை. இதன் பொருள் என்ன, என்ன இல்லை என்பதை அங்கேயே விளக்கினோம். தட்டோட்டுக்கு அடியில் இப்போது நீர்த்தேக்கம் இல்லை. ஆகவே இன்றைய சுவர் ஈரத்துக்கு மொட்டை மாடித் தளம் காரணமாக இருக்க முடியாது. மழைக்காலத்தில் ஒழுகாது என்பதற்கு இது சான்று ஆகாது.

மீட்டர் பலகையில் கண்டது

இரவு ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினோம். எல்லா வீடுகளிலும் ஏசி ஓடத் தொடங்கியிருந்தது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், யாரும் கேட்காவிட்டாலும், சுமை ஏறியிருக்கும் நேரத்தில் மீட்டர் பலகையை ஒருமுறை பார்த்துவிடுவது எங்கள் பழக்கம். மாடிப்படிக்கு அடியில் இருந்தது பலகை. கட்டடத்தின் மும்முனை மெயின் சுவிட்சில், மஞ்சள் ஃபேஸ் கேபிள் 45 டிகிரி, நீல ஃபேஸ் 44, சிவப்பு ஃபேஸ் 94.

இந்த 94 உலோக முனையில் எடுத்த அளவு அல்ல. பளபளக்கும் முனையில் எண் தவறாக வரும் என்பதால் வழக்கமாக அதன் மேல் டேப் ஒட்டி அளப்பார்கள். மின்சாரம் பாயும் முனையில் அதைச் செய்ய முடியாது. அதனால் முனையை ஒட்டியிருந்த கேபிளின் கறுப்பு உறை மீது அளந்தோம். உள்ளே உலோகம் இதைவிடச் சூடாகவே இருந்திருக்கும். சாதாரண பிவிசி உறையுள்ள கேபிளுக்கு 70 டிகிரிதான் எல்லை. உறை ஏற்கெனவே பழுப்பேறிச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

சிவப்பு ஃபேஸில் சுமை அதிகமாக இருப்பதால் சூடாக இருக்கலாமே என்று சங்கத்து உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிளாம்ப் மீட்டரில் பார்த்தோம்: நீலத்தில் 40 ஆம்பியர், சிவப்பில் 58. வெப்ப உயர்வு மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். படிக்கட்டு அடியில் காற்று 34 டிகிரி. நீல ஃபேஸ் அதைவிட 10 டிகிரி கூடுதல். 58ஐ 40ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.1, ஆக, நல்ல நிலையில் இருக்கும் இணைப்பானால் சிவப்பு ஃபேஸ் 21 டிகிரி உயர்ந்து 55ஐ ஒட்டி இருக்க வேண்டும். இருப்பதோ 94. மிச்சத்துக்குச் சுமை காரணமல்ல, இணைப்பு கெட்டிருக்கிறது. ஒரே மாதிரிச் சுமையுள்ள ஒரே மாதிரி இணைப்புகளுக்கு இடையே 15 டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தாலே உடனே பழுது பார்க்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு.

“இதற்காக உங்களைக் கூப்பிடவில்லையே” என்றார் செயலாளர், பாதி கவலையும் பாதி சலிப்புமாக. ஓதத்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், இதை ஓர் இரவுகூடத் தள்ள முடியாது என்றோம். சிவப்பு ஃபேஸில் இருந்த வீடுகளில் அன்றிரவு ஏசி வேண்டாம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லப்பட்டது. அந்தப் புழுக்கத்தில் அதற்கு வந்த வரவேற்பை எழுத வேண்டியதில்லை. மெயின் சுவிட்ச் கட்டடத்துக்குச் சொந்தம் என்றாலும், அதற்கு முந்தைய ஃபியூஸ் மின்வாரியத்தின் முத்திரைக்கு உட்பட்டது. அதை எடுக்காமல் சுவிட்சில் கை வைக்க முடியாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் பதிவானது. மறுநாள் காலை வாரிய ஊழியர்கள் வந்து ஃபியூஸை எடுத்துக் கொடுக்க, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் இணைப்பைப் பிரித்தார். அலுமினியக் கேபிளின் முனை, இடையில் இருஉலோக லக் (இரு உலோகங்களையும் இணைக்கும் முனைத்துண்டு) எதுவும் இல்லாமல், நேரே செம்புப் பட்டையில் முடுக்கப்பட்டிருந்தது. உப்புக்காற்றில் அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவு. போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, உள்ளே கருகிய இழைகள். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, லக் போட்டு நசுக்கி, அரிப்புத் தடுப்புப் பசை பூசி முடுக்கினார். அன்றிரவு 55 ஆம்பியர் சுமையில் சிவப்பு ஃபேஸ் 52 டிகிரி காட்டியது.

ஏசி ஓடும்போது

மறுநாள் பிற்பகல் அலுமினியத் தாளைப் பிரித்தபோது, சுவரைத் தொட்டிருந்த பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர். அறைப் பக்கம் காய்ந்திருந்தது. நீர் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது.

இம்முறை ஏசியை வழக்கம்போல 24 டிகிரியில் ஓடவிட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி நேரத்தில் சுவரில் ஒரு கோடு அரும்பியது. நாற்பது நிமிடத்தில் முழுமையாகத் தெரிந்தது: உட்பெட்டியின் இடது ஓரத்தில் தொடங்கி, சுவரில் கிடையாக ஐந்தடி ஓடி, ஒரு வளைவு எடுத்து, கூரையின் அந்தக் கறை படிந்த மூலைக்கு நேரே ஏறியது. கோட்டின் மேல் 20 டிகிரி, பக்கத்துச் சுவரில் 28. வளைவு இருக்கும் இடத்தில் கோடு கையகலத்துக்குத் தடித்திருந்தது. முந்தைய நாள் கண்ட மங்கலான ஈரப்பகுதி சரியாக அந்த வளைவின் கீழிருந்து தொடங்கியது. ஏசியை நிறுத்தியதும் மெல்லிய கோடு மறைந்தது. மங்கலான பகுதி மட்டும் நின்றது. முதலாவது குழாயின் குளிர்ச்சி, இரண்டாவது ஈரம் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி.

அப்போதுதான் குழாயின் கதை வெளியே வந்தது. 2023 கோடையில் ஏசி வாங்கியபோது, அறை அழகு கெடாமல் இருக்கக் குழாய்களைச் சுவரைக் காடி வெட்டி உள்ளே புதைத்துப் பூசியிருக்கிறார்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. வளைவு இருந்த இடத்தில் ஒரு சாண் அளவுக்குப் பூச்சைக் கொத்திப் பார்க்க அனுமதி கேட்டோம். பெரிய செப்புக் குழாய்க்குக் கறுப்பு நுரை உறை இருந்தது, ஆனால் காடிக்குள் திணிப்பதற்காக வளைவில் அதைச் சீவியிருந்தார்கள். சிறிய குழாய்க்கு உறையே இல்லை. பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகளில் அழுத்தம் குறைக்கும் பாகம் வெளிப்பெட்டியிலேயே இருப்பதால் இரண்டு குழாய்களுமே குளிர்ந்தவை. இரண்டுக்கும் உறை வேண்டும். குழாயைத் தொட்டால் கை நனைந்தது.

மே மாதத்து வடசென்னைக் காற்றின் பனிநிலை 26 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் குறைவான வெப்பநிலையுள்ள எந்தப் பரப்பிலும் அந்தக் காற்றின் ஈரம் நீராகப் படியும். மாடியில் அடைக்கப்படாத துளை வழியாகக் கடற்காற்று காடிக்குள் இறங்கி, 10 டிகிரியை ஒட்டிய செப்பில் பட்டு, ஏசி ஓடும் நேரமெல்லாம் உள்ளுக்குள்ளேயே வடிந்துகொண்டிருந்தது. விளக்கி முடிப்பதற்குள் அந்த அம்மாவே, “ஐஸ் போட்ட மோர்ச் சொம்பு வேர்க்கிற மாதிரி” என்றார். அதுதான்.

இரண்டு சோதனைகள் பாக்கி. உட்பெட்டியின் வடிகால் ஒழுகலாம் அல்லவா? ஒரு குடம் மஞ்சள் நீரை அதில் ஊற்றினோம். முழுவதும் வெளியே வந்தது, சுவரில் மஞ்சள் இல்லை. அடுத்து, மாடியில் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி, இரண்டு வாளி நீர் நிறுத்தினோம். ஒரு மணி நேரத்துக்குள் கீழே கூரை மூலையில் காசளவு குளிர்ந்த புள்ளி ஒன்று தோன்றி, பழைய கறையின் வடிவத்திலேயே பரவியது. டிசம்பர் மழை வந்த வழியும் இந்தத் துளைதான்.

முடிவுகளும் அவற்றின் காரணமும்

தட்டோட்டைப் பெயர்க்க வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தோம். நாலரை லட்சம் செலவழித்திருந்தாலும் துளை அப்படியே இருந்திருக்கும்; சுவர் அடுத்த கோடையிலும் நனைந்திருக்கும்.

குழாய்க்கு இரண்டு வழிகள் இருந்தன. காடியைத் திறந்து புது உறை போட்டு மீண்டும் பூசுவது ஒன்று. பழைய குழாயைக் கைவிட்டு, வெளிச்சுவரின் மேலேயே, பார்வைக்குத் தெரியும்படி புதுக்குழாய் ஓட்டுவது மற்றொன்று. மகனும் மருமகளும் முதலாவதை விரும்பினார்கள். நாங்கள் இரண்டாவதை வற்புறுத்தினோம்: நுரை உறை ஒருநாள் மக்கத்தான் செய்யும், அன்றைக்கு மறுபடி சுவரை உடைக்க வேண்டும். பெரியவர் எங்கள் பக்கம் சாய்ந்தார். மாடித் துளையைச் சுற்றிச் சிறு மேடை எழுப்பி, அடைத்து மூடினோம். சுவரில் பொருமிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்திவிட்டு, ஈரமானி அளவு பக்கத்துச் சுவரோடு ஒத்துவரும்வரை பெயிண்ட் அடிக்கக் கூடாது என்றோம்.

அறை குளிராததற்குக் குழாய் ஒரு பகுதிக் காரணமே. கான்கிரீட் தளம் நண்பகல் வெயிலைச் சில மணி நேரம் தாமதித்துத்தான் கீழே விடும். மாலை ஆறரைக்குப் படுக்கையறைக் கூரை 41 டிகிரியில் இருந்தது. அத்தனை பெரிய சூடான பலகைக்குக் கீழே படுத்தால் எந்த ஏசியும் திணறும். மொட்டை மாடி முழுவதற்கும் வெயிலை எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கப் பரிந்துரைத்தோம்.

அறிக்கை போவதற்கு முன்பே படங்கள் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய்விட்டன, அங்கே தனிச் சண்டை ஒன்று மூண்டது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிலுள்ள மிகக் குறைந்த, மிக அதிக வெப்பநிலைக்கு ஏற்ப நிறத்தைத் தானே பிரித்துக்கொள்ளும். அதனால் இரண்டாம் மாடி வீடொன்றின் சாதாரணச் சுவர், 1 டிகிரி வேறுபாட்டுக்கே ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. 94 டிகிரி மெயின் சுவிட்ச் படத்திலோ சிவப்பு ஒரு பொட்டளவுதான். “எங்கள் வீடுதான் எரிகிறது, உங்களுக்கு மேல்மாடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது” என்று அந்த வீட்டுக்காரர் எழுதினார். எல்லாப் படங்களையும் ஒரே அளவுகோலில் மறுபடி தயாரித்து அனுப்பிய பிறகே அது அடங்கியது.

செலவைப் பொறுத்தவரை, துளை போட்டது வீட்டுக்காரரின் மெக்கானிக் என்பதால் குழாய், துளை, சுவர் மூன்றும் அவர் பொறுப்பு என்று கூட்டம் முடிவு செய்தது. ஏறத்தாழ 38,000 ரூபாய் ஆனது. மெயின் சுவிட்ச் பொதுச் செலவு. வெள்ளைப் பூச்சுக்குக் கீழ்மாடிகள் பணம் தர மறுத்தன. மேல்மாடியின் நான்கு வீடுகளும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன.

“மொட்டை மாடி இல்லை என்று அன்றே சொன்னேன்” என்றார் முதல் மாடிக்காரர். “குளியலறை என்றுதானே ஐயா சொன்னீர்கள்” என்றார் பெரியவர்.

பின்னர் நடந்தது

ஜூனில் புதுக்குழாய் ஓடியது. ஏசி ஓடும்போது சுவரில் பழைய கோடு தெரியவில்லை. ஜூலையில் மருமகளுக்கு வளைகாப்பு வந்தது. கொத்திய சுவரோடு விருந்தினரை அழைக்க மனமில்லாமல், ஈரமானி அளவு பாதி இறங்கிய நிலையிலேயே பூசி, பெயிண்டும் அடித்துவிட்டார்கள். நவம்பரில் அந்த இடத்தில் வெண்மையாக உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளித்தது. மறுபடி ஒழுகுகிறது என்று பதறிக் கூப்பிட்டார்கள். குளிர்ந்த பகுதி எதுவும் கேமராவில் இல்லை; செங்கல்லில் மிச்சமிருந்த ஈரம் உப்பைக் கூட்டிக்கொண்டு வெளியேறியதுதான். பொங்கலுக்குப் பிறகு சுரண்டி, மீண்டும் அடித்தார்கள்.

2024 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையிலும், நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் கூரை மூலை காய்ந்தே இருந்தது. அடுத்த கோடையில், ஏறத்தாழ அதே வெயில் உள்ள ஒரு நாளில், அதே நேரத்தில் கூரை 37 டிகிரி காட்டியது. மின்கட்டணமும் குறைந்தது. ஆனால் அதில் வெள்ளைப் பூச்சின் பங்கு எவ்வளவு, குழாய் உறையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது; குழாய் மாற்றும்போது மெக்கானிக் இணைப்புகளைப் புதுப்பித்து வாயுவையும் நிரப்பியிருந்தார். நம்மால் இத்தனை விழுக்காடு மிச்சம் என்று எண் சொல்லச் செயலாளர் கேட்டார், சொல்லவில்லை.

மாற்றிச் செய்பவை

இப்போது ஆய்வுக்கு நாள் குறிக்கும்போதே, வீட்டை வழக்கம்போல விட்டுவையுங்கள், ஏசியை அணைக்காதீர்கள், ஜன்னலைத் திறக்காதீர்கள், அலமாரியை மட்டும் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தி வையுங்கள் என்று எழுதி அனுப்புகிறோம். ஏசி எப்போது பொருத்தப்பட்டது, குழாய் புதைக்கப்பட்டதா, வெளிப்பெட்டி எங்கே என்ற கேள்விகளும் அதிலேயே இருக்கின்றன. புதைத்த குழாய் இருப்பதாகத் தெரிந்தால், மொட்டை மாடிக்கு முன்பே ஏசி ஓடும் நிலையில் சுவரைப் பார்க்கிறோம். படங்கள் எல்லாம் ஒரே அளவுகோலில், பக்கத்தில் சாதாரணப் புகைப்படத்தோடு மட்டுமே கையைவிட்டுப் போகின்றன. மீட்டர் பலகையை வேலையின் கடைசியில் அல்ல, சுமை ஏறிய முதல் மாலையிலேயே பார்த்துவிடுகிறோம்.

தண்டையார்பேட்டைச் சங்கம் ஆண்டுக்கொரு முறை மே இரண்டாவது வாரத்தில், இரவு எட்டரைக்கு மேல், எல்லா வீடுகளிலும் ஏசி ஓடும்போது மீட்டர் பலகையைப் படமெடுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறது. 2025இல் எடுத்த படத்தில் மூன்று ஃபேஸ்களுக்கும் இடையே வேறுபாடு 4 டிகிரி. சிவப்பு ஃபேஸிலிருந்து இரண்டு வீடுகளை நீலத்துக்கு மாற்றும்படி சொல்லியிருந்தோம். அதற்கான விண்ணப்பத்தைச் செயலாளர் கொடுத்திருக்கிறார்.